கைமாத்துப் பங்கு

அன்றைக்குக் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மழை இல்லை. மழை இல்லை என்றதும் வெயில் அடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஆடி மாதத்தில் மழை விட்டால் காற்று, காற்று விட்டால் பனிமூட்டம். மூன்றும் முறை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற மாதிரிதான் வரும். அன்றைக்குப் பனியின் முறை. பக்கத்தில் நிற்கிறவளின் முகம் தெரியாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் ஈர வாசம்தான் தெரியும்.

ஓக்பேர்ன் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் நாற்பது பெண்கள், கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை றிச்சர்ட் இன்னும் எந்த மலைக்குப் போவது என்று சொல்லவில்லை. அவர் கையில் ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. தோட்டத்துக்கு வருகிற கடிதம் எதுவும் நேரே வீட்டுக்கு வராது. ஆபீஸுக்கு வந்து, அங்கே சில நாள் கிடந்து, யாருக்காவது மனம் வந்தால்தான் பெரட்டுக்கு வரும்.

"பேர் சொல்றேன், வந்து வாங்கிக்கங்க. எல்லாம் ஒரே கடிதந்தான். யாரும் செத்துப்போகல, பதறாதீங்க" என்றார் றிச்சர்ட்.

மூன்றாவது பேர் சொல்லும்போதே, வரிசையில் நின்ற ஜெயந்தினிக்கு விளங்கிவிட்டது. கூப்பிட்ட பேரெல்லாம் பழைய ஆட்களின் பேர்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் தோட்டங்களை அரசாங்கம் கம்பெனிகளின் கையில் கொடுத்தபோது, அன்றைக்கு வேலைக்குப் பேர் பதிந்திருந்த ஆட்களுக்கெல்லாம் கம்பெனியில் கொஞ்சம் பங்கு சும்மா கொடுத்தார்கள். கடதாசியாகக் கொடுத்தார்கள். அது என்ன, எதற்கு என்று ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை. சிலர் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். சிலர் டிரங்குப் பெட்டியில் பிறப்புப் பதிவோடு மடித்து வைத்தார்கள். ஒருத்தி அரிசி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் விரித்தாள் என்றும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு உண்டு.

"பேச்சியம்மா!"

"இந்தா இருக்கேன்" என்று பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

இருபத்தாறு பேரைக் கூப்பிட்டார். வேலையை விட்டவர்களின் கடிதத்தை அவர்கள் வீட்டுப் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். கட்டு தீர்ந்தது. ஜெயந்தினிக்குப் பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. அன்றைக்குப் பங்கு வாங்கிய ஆட்களில் இன்னும் கூடை போடுகிற சிலரில் அவளும் ஒருத்தி.

"நம்ம பேரு வரலையே, ஜெயந்தி?"

ஜெயந்தினி கூடைக் கயிற்றை இழுத்துச் சரிசெய்தாள். நாகலெட்சுமி றிச்சர்டிடமே கேட்டாள்.

"ஐயா, நாகலெட்சுமின்னு ஒண்ணும் இல்லையா? பழனியாண்டி மாமாவுக்கு? மரியநாயகி அக்காவுக்கு?"

"இருந்தா நான் என்ன வீட்டுக்கா கொண்டுபோகப் போறேன்? அவ்வளவுதான். ஏழாம் நம்பர் மலைக்குப் போங்க."

*

பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோதுதான் பேச்சியம்மா கடிதத்தை றிச்சர்டிடம் நீட்டினாள். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில் இருந்ததை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஓக்பேர்ன் கம்பெனியின் பெரும் பங்கை ஒரு ஹோட்டல்காரக் கூட்டம் வாங்கிவிட்டது. மிச்சப் பங்கு வைத்திருக்கிறவர்கள் விரும்பினால், பங்கு ஒன்றுக்கு நூற்றைந்து ரூபாய்ப்படி அவர்களிடமே கொடுக்கலாம். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வரைக்கும்தான்.

"எனக்கு எத்தனை பங்கு?"

"அறுநூறு."

"அப்ப அறுபத்து மூவாயிரமா?" பேச்சியம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜெயந்தினியைத் தேடினாள். "அடியே ஜெயந்தி! ஒன் கோழி என் கீரைப் பாத்தியக் கெளறிச்சுன்னு அன்னைக்குக் கோவத்துல கடதாசி தரமாட்டேன்னேன். ஒன் கோழிக்கு நான் ஒரு கும்பிடு போடணும்டி."

சிலர் சிரித்தார்கள்.

"ஒன் புருஷன் கொழும்புல தேத்தண்ணி ஊத்திக் குடுத்த ஆளு. அதையே இங்கயும் ஊத்தியிருந்தா நாங்க குடிச்சிட்டுப் போயிருப்போம். பங்கு மாத்த வந்துட்டாரு!"

"சின்னம்மா, விடுங்க" என்றாள் ஜெயந்தினி.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. ரொட்டியில் வெங்காயச் சம்பலைத் தடவிக்கொண்டே இருந்தாள். சம்பல் தீர்ந்த பிறகும் தடவினாள்.

*

நடந்தது இதுதான். நிரஞ்சன், ஜெயந்தினியின் புருஷன், பதினாலு வருஷம் கொழும்பில் ஒரு பங்கு வியாபார ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்தவன். தேத்தண்ணி கொடுப்பான், கடதாசி கொண்டு போவான், பூட்டுவான், திறப்பான். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. அங்கே ஒரு பெரிய மனுஷர் எந்தப் பங்கையும் தனியாகப் பார்க்க மாட்டாராம். போட்டிக் கம்பெனிகளைச் சோடி சோடியாக வைத்துத்தான் பார்ப்பாராம். நாடு தட்டுப்பாட்டில் விழுந்த வருஷம் அந்த ஆபீஸை மூடினார்கள். நிரஞ்சன் லயத்துக்குத் திரும்பி லீக்ஸும் கரட்டும் போட ஆரம்பித்தான். கையில் மண்வெட்டி, சட்டைப் பையில் போன். போனில் அந்த விலைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன தை மாதத்தில் ஒரு நாள் ஜெயந்தினியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இங்க பாரு. நம்ம ஓக்பேர்ன் கம்பெனி அறுபது ரூவா. ஓடைக்கு அந்தப் பக்கம் நீல்கந்த கம்பெனி நாப்பத்தஞ்சு."

"அதுக்கு?"

"பத்து வருஷமா இது ரெண்டும் ஒண்ணாவே நடந்திருக்கு. ஏன்? ஒரே மழை, ஒரே சம்பளம், ஒரே ஏலத்துல விக்கிற தேயிலை. நீங்க நெரையில கொழுந்து எடுக்கிறீங்கல்ல? ஒருத்தி கொஞ்சம் முந்துவா. அப்புறம் என்ன ஆவுது? பிந்தினவ எட்டிப் பிடிப்பா, இல்லேன்னா முந்தினவ நிப்பா. மலை உச்சிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போய்ச் சேருவீங்க."

"சரி."

"முந்தினத வித்துரணும். அந்தக் காசுக்குப் பிந்தினத வாங்கணும். ரெண்டும் ஒண்ணு சேந்தவுடனே மாத்திப் போட்டா, அறுநூறு குடுத்த எடத்துல எண்ணூறு கெடைக்கும். சந்தை மொத்தமா ஏறினாலும் பயமில்ல, எறங்கினாலும் பயமில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எடைவெளி மட்டுந்தான் நம்ம வேலை. கையில இல்லாதத விக்க நம்மள மாதிரி ஆளுங்கள விடமாட்டான். ஆனா இந்த லயத்துல ஓக்பேர்ன் பங்கு பெட்டி பெட்டியாக் கெடக்கே!"

பிறகு அவளைப் பார்த்துக் கேட்டான். "ஒண்ணு மட்டும் நீ சொல்லு. நம்ம தோட்டம் நெசமாவே நல்லா இருக்கா? அதனாலதான் முந்துதா?"

ஜெயந்தினி சிரித்தே விட்டாள். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். இலையைத் தொட்டாலே உரம் எப்போது போட்டது என்று சொல்லுவாள். "நம்ம தோட்டமா? உரம் போட்டு ரெண்டு வருஷமாச்சு. ஏழாம் நம்பர்ல புல்லு என் தோளுக்கு நிக்குது, அட்டை கடிச்சுக் காலெல்லாம் புண்ணு. கவ்வாத்து வெட்டாம மரம் மரமாப் போவுது. அங்கிட்டுப் பாருங்க, நீல்கந்தவ. வகுடு எடுத்த மாதிரி இருக்கு. பத்து நாளைக்கு ஒருக்கா எடுக்கிறாங்க. நம்மளுது முந்துதுன்னா பொய்யி."

"நெசமாவா?"

"மாசியில மூணு பேரு வந்து ஏழாம் நம்பர அளந்து, செவப்புக் குச்சி அடிக்கப் போறாங்கன்னு றிச்சர்ட் ஐயாவுக்கு மேலிடத்துல சொல்லியிருக்காங்களாம். மலையக் கைவிடப் போறாங்க. அளக்க வர்றது வேற எதுக்கு?"

அவள் சொன்னபடியே மாசியில் மூன்று பேர் வந்து அளந்தார்கள். அதோடு நிரஞ்சனுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

கேட்கப் போனது ஜெயந்தினிதான். நிரஞ்சன் கேட்டிருந்தால் ஒருவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். லயத்தில் கைமாத்து என்பது காசு இல்லை, பார்த்துக்கொள்ளுங்க. அரிசி ஒரு சுண்டு வாங்கினால் அரிசி ஒரு சுண்டு திரும்பும். நடுவில் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, வாங்கின பொருளே வாங்கின அளவில் போய்ச் சேரும். அதனால் அவள் கேட்ட விதம் எல்லாருக்கும் உடனே விளங்கியது.

"அக்கா, ஒங்க பங்கக் கைமாத்தாக் குடுங்க. அறுநூறு வாங்குறேன், அறுநூறாவே தருவேன். மேல வர்றதுல பாதி ஒங்களுக்கு."

நாகலெட்சுமி கொடுத்தாள். தனியாக இருக்கிற மரியநாயகி, மாதாப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வேலையை விட்டு ஏழு வருஷமான பழனியாண்டி மாமா கொடுத்தார். ஜெயந்தினியும் செத்துப்போன தன் அம்மாவின் பங்கைச் சேர்த்துக்கொண்டாள். நிரஞ்சன் நாலு பேரையும் ஹட்டன் டவுனுக்குக் கூட்டிப்போய், எல்லாப் பங்கையும் ஜெயந்தினியின் பேரில் ஒரே கணக்கில் சேர்த்து, ஓக்பேர்னை விற்று நீல்கந்தவை வாங்கினான். திரும்பி வரும்போது பழனியாண்டி மாமா எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

*

அன்றைக்கு நாலரை மணிக்கு ஜெயந்தினி வேலை விட்டு வந்தபோது நிரஞ்சன் லயத்துக்குக் கீழே லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கி, மண்ணை உதறி, வேரை நறுக்கி, சாக்கில் அடுக்குவான். மறுநாள் லொறி வரும். அவன் நிமிரவில்லை.

"தெரியும்" என்றான்.

"எப்பத் தெரியும்?"

"முந்தாநாளே. நூத்தி நாலு."

"நீல்கந்த?"

"நாப்பத்திரெண்டு."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். "பெரட்டுல வச்சு நாகு அக்கா, பேரு வரலையேன்னு கேட்டாங்க. ஊரே கேட்டுச்சு. நீங்க எங்கிட்ட முந்தாநாளே சொல்லியிருக்கலாம்ல?"

"எறங்கும்னு பாத்தேன். இது நிக்காது ஜெயந்தி. இவ்வளவு எடைவெளி எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. இழுத்தது திரும்பித்தான் ஆவணும். இப்ப மாத்தினா நட்டம். கொஞ்சம் பொறுத்தா..."

"எதுக்குப் பொறுக்கணும்? ஒரே மழை, ஒரே தேயிலைன்னீங்க. ஹோட்டல்காரன் தேயிலையவா வாங்குறான்? அவன் எடத்தத்தானே வாங்குறான்."

நிரஞ்சன் இன்னொரு லீக்ஸைப் பிடுங்கி மண்ணை உதறினான்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல" என்றாள் அவள். "அன்னைக்கு அளக்க வந்தவங்க எங்கிட்டப் பேசினாங்க."

"என்னான்னு?"

"'நங்கி, மெஹே வத்துர தியெனவத?'ன்னு. இங்க தண்ணி இருக்கான்னுதானே கேக்கிறாங்கன்னு, பாறைக்குக் கீழ நாங்க குடிக்கிற ஊத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஆளு போத்தல்ல ரொப்பி, மேல பேரு எழுதி ஒட்டினாரு. எனக்கு ஒரு பிஸ்கட் பெட்டி குடுத்தாரு."

"பேரு ஒட்டினாரா?"

"ம்."

"தாகத்துக்குக் குடிக்கிறவன் போத்தல்ல பேரு ஒட்டுவானா, ஜெயந்தி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? தாகமா இருக்கும்னு நெனச்சேன். மனுஷன் தண்ணி கேட்டா வேற என்ன நெனைக்கிறது?"

அவன் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் பனி விலகி, நீல்கந்தவின் மலை தெரிந்தது. வெட்டிச் சீவிய தலை மாதிரி, ஒரு புல் இல்லாமல். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். நிரஞ்சன் சொன்னான்:

"நல்ல தோட்டந்தான்."

"நல்ல தோட்டந்தான். யாரு இல்லேன்னா."

மறுநாள் அவன் லொறிக்கு லீக்ஸ் ஏற்றிவிட்டு, போனை வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டில் போய் உட்கார்ந்தான். நீல்கந்தவை எல்லாம் விற்று, ஓக்பேர்னைத் திரும்ப வாங்க இரண்டு நாள் ஆனது. நாலு பேர் கொடுத்தது இரண்டாயிரத்து நானூறு. திரும்பக் கிடைத்தது ஆயிரத்து இருநூற்று அறுபது.

"நம்மள விட்ரு" என்றான் நிரஞ்சன். "ஒங்கம்மா பங்கு போனது போனதுதான். மிச்சம் மூணு பேரு. நாகு அக்காவுக்கு அறுநூறு முழுசாக் குடுத்துருவோம், அந்தம்மா வாய் பொல்லாதது. மரியநாயகி அக்காவுக்கும் அறுநூறு. பழனியாண்டி மாமாவுக்கு அறுபது. மிச்சத்த மெதுவாப் பாத்துக்கலாம். மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஜெயந்தினி அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. புகை கண்ணில் அடித்தது.

"ஒண்ணும் சொல்ல மாட்டாருங்கிறதுக்காக அவருக்கு அறுபதா?"

"நான் அப்பிடிச் சொல்லல..."

"அப்பிடித்தான் சொல்றீங்க. தோட்டத்து ஆபீஸ்லயும் இப்பிடித்தான். எந்த லயத்து ஆளு கத்த மாட்டானோ அந்த லயத்துக்குத்தான் கடைசியாக் கூரைத் தகரம் வருது. மூணு பேருக்கும் சமமாப் போடுங்க. நானூத்தி இருவது. நான் போய்ச் சொல்றேன்."

"நானும் வர்றேன்."

"வாங்க. ஆனா நாந்தான் பேசுவேன்."

*

நாகலெட்சுமியின் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் வைத்துத்தான் பேசினார்கள். அவளால் வெளியே வர முடியாது. வைகாசிக் காற்றில் கூரைத் தகரம் பாதி போய்விட்டது. நீலப் படங்கு விரித்துக் கல் வைத்திருந்தாள். மழை வந்தால் ஐந்து இடத்தில் ஒழுகும். ஐந்து இடத்திலும் பாத்திரம் வைத்து, நிறைய நிறைய எடுத்து ஊற்ற ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை சரியாகப் பிடித்துக்கொண்டது.

பழனியாண்டி மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டு கதவோரம் முக்காலியில் உட்கார்ந்தார். மரியநாயகி பூசையிலிருந்து நேரே வந்திருந்தாள், வெள்ளைச் சேலை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். நாகலெட்சுமி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

ஜெயந்தினி சுற்றி வளைக்கவில்லை. வாங்கியது இவ்வளவு, திரும்பக் கிடைத்தது இவ்வளவு, ஆளுக்கு நூற்றெண்பது குறைகிறது என்றாள்.

எல்லாரும் நிரஞ்சனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"அவரப் பாக்காதீங்க" என்றாள் ஜெயந்தினி. "எடைவெளின்னு அவரு காட்டினது நெசம். நம்ம தோட்டம் நல்லா இருக்கான்னு எங்கிட்டத்தான் கேட்டாரு. அழியிற தோட்டம், வித்துருங்கன்னு சொன்னது நான். என் கண்ணுதான். பேச்சியம்மா சின்னம்மா அவரைப் பேசுறப்ப ஒரு வாரமா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதுவும் தப்பு."

மரியநாயகிதான் முதலில் பேசினாள்.

"நீ பாத்ததுல என்ன புள்ள தப்பு? அழியுதுன்னு சொன்ன. அழியத்தானே போவுது. ஏழாம் நம்பர்ல கன்னு நட்டவ நான். குழி வெட்டினது இந்தா, இந்த மாமா. அதப் புடுங்கிப்புட்டு ஹோட்டல் கட்டப் போறான். தேயிலை சாவப்போவுதுன்னா கம்பெனி வெல எறங்கும்னு நீ நெனச்ச. நானும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன். ஏறும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியாதும்மா" என்றார் பழனியாண்டி. "முப்பது வருஷமா எலி திங்காமப் பாத்துக்கிட்டதே பெரிய காரியம். நானூத்தி இருவது வந்துச்சா? போதும். அந்த வடைக் காச மட்டும் நிரஞ்சன் எனக்குத் திருப்பித் தரணும்."

மரியநாயகி சிரித்தாள். நிரஞ்சனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. எழுந்து போய் நிறைந்த பாத்திரத்தை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வந்தான்.

"நாகு, நீ என்ன சொல்ற?" என்றார் பழனியாண்டி.

"நான் என்னத்தச் சொல்ல?" நாகலெட்சுமி மாவை உருட்டித் தட்டில் அறைந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பெரிய மனசு. எனக்குக் கூரை இல்ல. அறுநூறு குடுத்தேன், அறுநூறு வேணும்."

"அக்கா..."

"இரு. நான் பேசிக்கிறேன். நீ கேக்க வந்தப்ப நான் எத்தனை கேள்வி கேட்டேன், ஜெயந்தி? சொல்லு. எந்தக் கம்பெனி, என்ன வெல, எப்ப வரும்னு ஒரு கேள்வி கேட்டேனா? பெட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்தேன். ஏன்? நீ கேட்டதால. ஒன் புருஷன் சோடி போட்டாரா, கொழும்புல படிச்சாரா, அதெல்லாம் எனக்குத் தேவையில்ல. ஒரு சுண்டு அரிசி வாங்கினா ஒரு சுண்டு. முக்காச் சுண்டக் கொண்டாந்து வச்சிட்டு, மழை அப்பிடி, கடை இப்பிடின்னு சொல்லுவியா நீ?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"அந்த நூத்தி எம்பதும் தருவேன். ஒரே தடவையா முடியாது." ஜெயந்தினி வரும்போதே முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். "ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு எடுக்கிற கொழுந்த ஒங்க பேர்ல போடச் சொல்றேன். பதினோரு ஞாயிறு எடுத்தா சரியா வரும்."

கைக்காசு என்றால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற கொழுந்து. நாள் சம்பளம் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று, யார் பேரில் நிறுக்கிறார்களோ அவர் கையில் அன்றைக்கே காசு.

"மாமாவுக்கும் மரிய அக்காவுக்கும்?" என்று நிரஞ்சன் மெதுவாகக் கேட்டான்.

"அதுக்கப்புறம் அவங்களுக்கு."

"எனக்கு வேணாம் புள்ள" என்றாள் மரியநாயகி.

"நான் குடுப்பேன், அக்கா. வாங்குறதும் வாங்காததும் ஒங்க இஷ்டம்."

நாகலெட்சுமி கல்லில் ரொட்டியைப் போட்டாள். மூன்று பேருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், பழனியாண்டி மாமாவுக்கு, மரியநாயகிக்கு, நிரஞ்சனுக்கு. ஜெயந்தினிக்கு வைக்கவில்லை.

*

இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் மூன்று பேரும் பங்கைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டு, தாளில் ஒப்பம் வைத்து ஹோட்டல்காரரிடம் கொடுத்தார்கள். நாகலெட்சுமி கிடைத்த காசுக்குத் தகரம் வாங்கினாள். பின்பக்கத்துக்குப் பத்தவில்லை. அங்கே நீலப் படங்கு அப்படியே கிடந்தது. அந்த நாளெல்லாம் அவள் ஜெயந்தினியோடு பேசவில்லை. மலையில் பக்கத்தில் நின்றாலும் பேச்சை வேறு யாரிடமாவது பேசினாள். லயத்தில் இப்படிப் பேசாமல் இருப்பது லேசில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரே படியில் ஏற வேண்டும். குடத்தை முன்னால் வைத்தவள் யார் என்று கேட்க வேண்டி வந்தால், குடத்திடம் கேட்கிற மாதிரி கேட்பாள்.

முதல் கைக்காசு ஞாயிறு ஏழாம் நம்பரில்தான் போட்டார்கள். கைவிட்ட மலை என்றாலும், மழைக்குக் கொழுந்து வந்துகொண்டுதான் இருந்தது. தேயிலைக்கு என்ன தெரியும்? ஜெயந்தினி விடிந்ததும் ஏறினாள். தோளுயரப் புல்லை விலக்கி விலக்கி எடுத்தாள். அட்டை ஏறினது தெரியவில்லை. சிவப்புக் குச்சி அடித்த இடத்தில் இருந்த செடிகளைத்தான் முதலில் எடுத்தாள், இலை அங்கேதான் கூட இருந்தது. பத்து மணிக்கு ரொட்டி தின்ன உட்காரவில்லை. நிரஞ்சன் பிளாஸ்டிக் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். நின்றபடியே குடித்தாள். "நானும் எடுக்கவா?" என்று கேட்டான். "ஒங்களுக்கு ரெண்டு இலையும் மொட்டும் வராது, முத்தல் எல்லாம் சேத்து ஒடிச்சிருவீங்க, போங்க" என்று விரட்டினாள்.

பின்னேரம் தராசுக்குக் கீழே வரிசை நின்றது. நாகலெட்சுமி தன் கூடையை நிறுத்துவிட்டு, படங்கைப் பிழிந்துகொண்டு ஓரமாக நின்றாள். ஜெயந்தினியின் முறை வந்தது. சாக்கை மாட்டினார்கள்.

"பேரு?" என்றார் றிச்சர்ட், தலை நிமிராமல்.

"நாகலெட்சுமி."

அவர் நிமிர்ந்தார். "நாகலெட்சுமி அந்தா நிக்கிது. இது ஒன் கூடை."

"கூடை என்னுது. பேரு அவங்களுது. அப்பிடியே போடுங்க, ஐயா."

பேச்சியம்மா வாயைத் திறந்தவள், எதையோ நினைத்து மூடிக்கொண்டாள். றிச்சர்ட் தராசைப் பார்த்தார்.

"இருவத்தேழு. சாக்குக்கும் ஈரத்துக்கும் நாலு கழிச்சு, இருவத்தி மூணு."

இருபத்திரண்டு வருஷமாகக் கழிக்கிறார்கள். ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்டு ஆகப்போவதும் இல்லை. ஜெயந்தினி சாக்கைக் கழற்றக் கை நீட்டினாள்.

"எதுக்கு நாலு?"

நாகலெட்சுமிதான். படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு தராசுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"ஈரம், நாகலெட்சுமி."

"எங்க ஈரம்? மத்தியானத்துலேருந்து ஒரு தூத்தல் இல்ல. கைய விட்டுப் பாருங்க. விடுங்க கைய! காஞ்ச கொழுந்து. கொஞ்ச நேரத்துக்கு முந்தி என் கூடைக்கு ரெண்டுதானே கழிச்சீங்க? அதே நாகலெட்சுமிதானே இதுவும்? ஒரே பேருக்கு எப்பிடி ரெண்டு கழிவு?"

"அதுக்கில்ல..."

"எதுக்கும் இல்ல. என் பேர்ல ஏறுற கொழுந்துல கை வைக்காதீங்க. சாக்குக்கு ஒரு கிலோ கழிங்க, அது நியாயம். இருவத்தாறு எழுதுங்க."

"இருவத்தஞ்சு..."

"இருவத்தாறு!"

றிச்சர்ட் எழுதினார். காசை எண்ணி அவள் கையில் கொடுத்தார். நாகலெட்சுமி வாங்கி, சேலை முந்தியில் முடிந்தாள். ஜெயந்தினி பக்கம் திரும்பவே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

"இன்னும் எத்தனை ஞாயிறு இப்பிடி?" என்று றிச்சர்ட் ஜெயந்தினியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பத்து, ஐயா."

"பத்தா?" அவர் பென்சிலைக் காதில் செருகினார். "ஏழாம் நம்பருக்கு இன்னும் ஆறு ஞாயிறுதான் சொல்லியிருக்காங்க. ஏழாவது வாரம் செடி புடுங்க மெசின் வருது. வேற மலைக்குக் கைக்காசு குடுக்கிற அளவுக்கு எங்க கொழுந்து இருக்கு?"

ஜெயந்தினி காலிச் சாக்கை மடித்தபடி நின்றாள். பத்தை ஆறில் அடக்குவது எப்படி என்று மனசு ஓடியது. விடியுமுன் ஏறலாமா, மழையில் எடுக்கலாமா என்று பார்த்தது. ஒரு மனுஷிக்கு இரண்டு கைதானே?

படியில் இறங்கிக்கொண்டிருந்த நாகலெட்சுமி நின்றாள். கேட்டுவிட்டாள் போல. திரும்பினாள். ஜெயந்தினியைத் தாண்டி றிச்சர்டைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்ப அடுத்த ஞாயிறு அவளப் பெரிய கூடையாக் கொண்டு வரச் சொல்லுங்க, கணக்கப்பிள்ளை. வெளக்கு மரத்துக்குக் கீழ உள்ள வரியில யாரும் எடுக்கல, நான் பாத்தேன். அதையும் சொல்லுங்க."

றிச்சர்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயே சொல்லேன். இந்தா நிக்கிறா."

"நான் எதுக்குச் சொல்ல?" என்றாள் நாகலெட்சுமி. படியில் இறங்கிப் போனாள். கீழே லயத்தில் யாரோ புதுத் தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.